காருக்குள் வைத்த கேமரா திருடனைக் கூப்பிடுமா?

பால் போடும் தம்பிதான் முதலில் பார்த்தான். காலை ஐந்தே முக்கால் இருக்கும். "அக்கா, உங்க கார் கண்ணாடி உடைஞ்சு கெடக்கு" என்று படிக்கட்டிலிருந்தே குரல் கொடுத்தான்.

2024 அக்டோபர். எங்கள் வீடு நங்கநல்லூரில். பன்னிரண்டு வீடுகள் உள்ள அடுக்ககத்தில் எட்டு கார் நிறுத்தத்தான் இடம். கடைசியாகக் கார் வாங்கியது நாங்கள்தான் என்பதால் எங்களுடையது தெருவில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் புங்கை மரத்தடியில் நிற்கும். இறங்கிப் போய்ப் பார்த்தால் இடப் பக்கப் பின்கதவில் கண்ணாடியே இல்லை. சீட்டில், மிதியடியில், தரையில் எங்கு பார்த்தாலும் கற்கண்டை வாரி இறைத்தது போலச் சில்லுகள். பின் சீட்டில் இருந்த பையைக் காணவில்லை.

முந்தின நாள் இரவு அப்பாவை இதய டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்ப ஒன்பதரை ஆகிவிட்டது. நல்ல மழை. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் அப்பாவின் தோள். பையைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதில் பவர் பேங்க் ஒன்று, அப்பாவின் படிக்கும் கண்ணாடி, அப்புறம் அவருடைய மருத்துவக் கோப்பு. ஆறு வருட ஈ.சி.ஜி., எக்கோ ரிப்போர்ட்கள், ஆஞ்சியோ செய்த சி.டி., எல்லாம் அந்த ஒரே கோப்பில். எடுத்தவனுக்கு அது வெறும் காகிதம். எனக்கு அங்கேயே கால் தளர்ந்துவிட்டது.

கூட்டம் கூடியது. கீழ் வீட்டு மாமா முன் கண்ணாடியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கேமரா மாட்டினேளே, அதான் வந்திருக்கான். உள்ளே வெலை உசந்த சாமான் இருக்குன்னு போர்டு வெச்ச மாதிரி ஆச்சோன்னோ." சுற்றி நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். நானும் அந்த நிமிடம் நம்பினேன். 7,000 ரூபாய் கொடுத்து டேஷ்கேம், அதாவது முன் கண்ணாடியிலிருந்து சாலையைப் பதிவு செய்யும் கேமரா, மாட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஆனால் கேமரா இருந்த இடத்திலேயே இருந்தது. ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், ஒட்டியது ஒட்டியபடி. கதவைத் திறந்து கை நீட்டினால் இரண்டு நொடியில் பிடுங்கியிருக்கலாம். அவன் அதைத் தொடவே இல்லை.

எதிர் வீட்டுக்காரர் தன் வாசல் கேமராவில் பதிவானதைக் காட்டினார். சென்னையில் போலீஸ் மூன்றாவது கண் என்று ஒரு திட்டம் கொண்டுவந்து தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொன்னார்களே, அப்போது வைத்தது. அதிகாலை 2:40. ஒரு பைக்கில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் இறங்கி நடந்து வருகிறான். கையில் செல்போன் டார்ச். முதல் காரின் பின் சீட்டில் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறான், நகர்கிறான். இரண்டாவது கார், அதேதான். மூன்றாவது எங்களுடையது. வெளிச்சம் பின் சீட்டில் ஒரு நொடி நின்றது. அப்புறம் அவன் சுவர்ப் பக்கமாகச் சுற்றிப் போய் மறைந்தான். பையோடு வெளியே வர முப்பது நொடிகூட ஆகவில்லை.

அந்தப் பதிவை நான் பத்து தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். தாண்டிப் போன முதல் இரண்டு கார்களிலும் டேஷ்கேம் உண்டு. அவன் ஒரு தடவைகூட முன் கண்ணாடிக்கு வெளிச்சம் அடிக்கவில்லை. பின் சீட்டு, பின் சீட்டு, பின் சீட்டு. அவ்வளவுதான் அவன் தேடல். ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொண்ட ஏட்டும் இதையே சொன்னார்: "கேமராவ யாரும்மா பாக்கறா? பை இருக்கான்னுதான் பாப்பான்."

அதற்காக டேஷ்கேமை யாரும் திருடுவதே இல்லை என்று சொல்லமாட்டேன். என் அலுவலகத் தோழியின் காரில் கேமராதான் போனது. கண்ணாடி நடுவில் ரப்பர் கப்பால் அமுக்கி ஒட்டியது. உள்ளங்கை அகலத் திரை. அதிலிருந்து ஒயர் டேஷ்போர்டு மேல் தொங்கிச் சார்ஜர் சாக்கெட்டில் முடியும். பக்கத்திலேயே செல்போன் ஸ்டாண்ட். ஜி.பி.எஸ். கருவியா, டேப்லெட்டா, போனா என்று தெருவிலிருந்து பார்ப்பவனுக்குப் பிரித்துத் தெரியாது. விலையுள்ள ஏதோ ஒன்று, இழுத்தால் வந்துவிடும், அவ்வளவு தெரிந்தால் அவனுக்குப் போதும். வழி காட்டும் கருவிகளைத் தனியாக வாங்கி மாட்டிய காலத்தில் பிரிட்டன் போலீஸ் மக்களிடம் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது: கருவியைக் கழற்றினால் மட்டும் போதாது, கண்ணாடியில் ரப்பர் கப் விட்ட வட்டத் தடத்தையும் துடைத்துவிடுங்கள் என்று. தடத்தைப் பார்த்தால் கருவி டேஷ்போர்டு டிராயரில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவான்.

எங்கள் அப்பாவுக்கு இது புதிதே இல்லை. 90-களில் மாருதி 800 வைத்திருந்தபோது கார் ஸ்டீரியோ திருட்டுதான் பெரிய பயம். முகப்பு மட்டும் தனியாகக் கழன்று வருகிற மாதிரி ஸ்டீரியோ வந்தது. கல்யாண மண்டபத்துக்குப் போனால் அப்பா அந்த முகப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் பந்தியில் உட்காருவார். சாம்பார் ஊற்ற வருபவர் குனிந்தால் அவர் கை தானாகப் பையைப் பொத்திக்கொள்ளும். முகப்பில்லாத ஸ்டீரியோவை யாரும் எடுத்துப் பிரயோஜனம் இல்லை.

ஆக, டேஷ்கேமை ரப்பர் கப்பால் இல்லாமல் இரட்டைப் பக்க டேப்பால் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டுங்கள். திரை இல்லாத, உருளை மாதிரி சின்னக் கேமரா என்றால் இன்னும் நல்லது. ஒயரைக் கூரை விளிம்புத் துணிக்குள் செருகி, பக்கத் தூண் வழியாகக் கீழே இறக்கிவிட வேண்டும். தெருவில் நின்று பார்த்தால் ஒரு கறுப்புக் கட்டி மட்டும் தெரியும். கம்பெனி வைத்த சென்சார் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்களுடையது அப்படித்தான் இருந்தது, தப்பித்தது.

ஆனால் தப்பித்த கேமராவால் எனக்கு என்ன பயன்? இதுதான் என்னை அன்றைக்கு மிகவும் வாட்டியது. ஏட்டு கேட்டார்: "உங்க கேமராவுல ஆள் முகம் விழுந்திருக்கா?" கார்டைப் போட்டுப் பார்த்தேன். கடைசிப் பதிவு முந்தின இரவு 9:34. நான் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்த நொடியோடு முடிந்துவிட்டது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிய கேமரா பெரும்பாலான கார்களில் சாவியை எடுத்ததும் செத்துவிடும். இத்தனை மாதமாக அது ராத்திரி முழுக்கக் காவல் இருக்கிறது என்று நம்பி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். வாங்கும்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் காரில் இன்றைக்கே போய்ப் பாருங்கள்: எஞ்சினை அணைத்து, கதவைப் பூட்டி, பத்து நிமிடம் கழித்து வந்து, கார்டில் அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதா என்று.

கண்ணாடி மாற்றிய கையோடு ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். கார் சாமான் என்றால் சென்னையில் அந்தத் தெருதான். ஒரு பெரியவர், முப்பது வருடமாக ஆட்டோ எலெக்ட்ரீஷியன். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, டெஸ்டர் முனையை ஒவ்வொரு ஃபியூஸாக வைத்துக்கொண்டே போனார். சாவி இல்லாதபோதும் கரன்ட் இருப்பது ஒன்று, சாவி போட்டால் மட்டும் வருவது ஒன்று. இரண்டையும் கண்டுபிடித்து, ஒரிஜினல் ஒயரை வெட்டாமல், ஃபியூஸ் இருந்த இடத்திலேயே செருகுகிற இரட்டை ஃபியூஸ் கிளிப்பைப் போட்டார். "ஒயர வெட்டினா வாரன்டி போச்சும்பான். இத எப்ப வேணா உருவிக்கலாம்." எர்த்துக்கான கறுப்பு ஒயரைப் பெயின்ட் இல்லாத போல்ட்டில் இறுக்கினார். நாற்பது நிமிட வேலை. இப்படி மாட்டினால்தான் கேமராவில் பார்க்கிங் மோட் என்று எழுதியிருப்பது உண்மையில் வேலை செய்யும்: கார் நிற்கும்போது அசைவோ மோதலோ தெரிந்தால் விழித்துப் பதிவு செய்யும்.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். மூன்றாவது திங்கட்கிழமை காலை கார் ஸ்டார்ட் ஆகவில்லை. டிக் டிக் என்று சத்தம் மட்டும். அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டிய நாள். ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் கண்ணெதிரில் இருக்கிறது. சின்ன பெட்ரோல் கார் பேட்டரி 35 ஆம்பியர்-அவர், அதாவது ஒரு ஆம்பியர் இழுத்தால் சுமார் 35 மணி நேரம் தாங்கும். என் கேமரா இழுப்பது சுமார் 0.3 ஆம்பியர். ஒரு ராத்திரிக்குப் பத்து மணி நேரம் என்றால் 3 போகும், பரவாயில்லை. வெள்ளி இரவு நிறுத்தி திங்கள் காலை எடுத்தால் 60 மணி நேரம், 18 காலி. பேட்டரியில் பாதி. அதுவும் மூன்று வயதான பேட்டரி. ஒயரிங் கிட்டில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு: பேட்டரி வோல்டேஜ் எவ்வளவுக்கு இறங்கினால் கேமராவைத் துண்டிக்க வேண்டும் என்று அதில் வைக்கலாம். அது 11.8-ல் இருந்தது. முழுச் சார்ஜில் 12.6 காட்டும் பேட்டரி 12.2-க்கு வந்தாலே கிட்டத்தட்டப் பாதி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது 12.2-ல் வைத்திருக்கிறேன். கேமரா ஞாயிற்றுக்கிழமை அணைந்துபோனாலும் பரவாயில்லை, திங்கட்கிழமை வண்டி கிளம்ப வேண்டும்.

அப்புறம் இன்னொன்று புரிந்தது. அன்று ராத்திரி என் கேமரா விழித்தே இருந்தாலும் அவன் முகம் விழுந்திருக்காது. முன் கேமரா முன்னால்தான் பார்க்கும். திருடன் வேலை செய்வதோ பக்கத்தில். காரணம் கண்ணாடியிலேயே இருக்கிறது. முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அடித்தால் சிலந்தி வலை போல விரிசல் விடும், உதிராது. பக்கக் கண்ணாடி சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்த ஒற்றைத் தகடு. ஒரு புள்ளியில் பட்டால் மொத்தமும் சில்லுச் சில்லாகக் கொட்டிவிடும். விபத்தில் நம்மைக் கிழிக்காமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். அதுவே அவனுக்கும் வசதி. ஆகவே நிற்கும் வண்டிக்குக் காவல் வேண்டுமென்றால் உள்பக்கம் பார்க்கும் கேமராவும் சேர்ந்திருக்கிற மாடல் வேண்டும். இருட்டில் தெரிய அதில் இன்ஃப்ராரெட் விளக்கும் இருக்க வேண்டும். நான் 2025 பொங்கலுக்குப் பிறகு அதற்கு மாறினேன். பக்கக் கண்ணாடிகள் இரண்டும் அதில் தெரிகின்றன.

சென்னை வெயிலுக்கு ஒரு வார்த்தை. கத்திரியில் மூடிய காருக்குள் 60 டிகிரி சாதாரணம். உள்ளே லித்தியம் பேட்டரி வைத்த கேமரா அதில் உப்பிவிடும். கெபாசிட்டர் வைத்தது தாங்கும். பெட்டியிலேயே போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். கார்டும் அப்படித்தான். பழசை அழித்துப் புதிதை எழுதிக்கொண்டே இருப்பதால் சாதாரணக் கார்டு சீக்கிரம் களைத்துவிடும். ஹை எண்டூரன்ஸ் என்று போட்டதை வாங்க வேண்டும். 64 ஜி.பி. கார்டில் முழு எச்.டி.யில் ஒன்பது, பத்து மணி நேரம்தான் நிற்கும். அதனால் ஏதாவது நடந்தால் கார்டை உடனே உருவி வைத்துவிடுங்கள்; ஓட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் வேண்டிய பதிவின் மேலேயே புதுசு ஏறிவிடும்.

கேமரா விளக்கை மினுக்கவிடுவதா, அணைப்பதா? நான் அணைத்துவிட்டேன். விளக்கைப் பார்த்துப் பயந்து ஓடுபவனும் இருக்கலாம். ஆனால் பதிவு கார்டில்தான் இருக்கிறது, கார்டு கேமராவில் இருக்கிறது. கேமராவைப் பிடுங்கினால் சாட்சியும் கூடவே போய்விடும். சிம் போட்டு உடனுக்குடன் இணையத்தில் ஏற்றுகிற மாடல் வைத்திருப்பவர்கள் மட்டும் தைரியமாக மினுக்கவிடலாம்.

உண்மையைச் சொன்னால், அந்த ராத்திரிக்குப் பிறகு செய்தவற்றில் பெரிய காவல் என்று நான் நினைப்பவை காசு செலவில்லாதவை. மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து, தெருவிளக்கை மறைத்த புங்கைக் கிளையை வெட்டச் சொன்னேன், வெட்டினார்கள். காரை இடப் பக்கம் சுவரோடு நெருக்கி நிறுத்துகிறேன், ஆள் நுழைய இடமில்லாமல். அன்றைக்கு அவன் மறைந்து நின்றது அந்த ஒன்றரை அடிச் சந்தில்தான். டேஷ்போர்டு டிராயரைத் திறந்தே வைக்கிறேன், காலி என்று தெரியட்டும். சார்ஜர் ஒயர், சில்லறை, துப்பட்டா மூடிய அட்டைப் பெட்டி, எதுவும் கண்ணில் படக் கூடாது. கறுப்பு ஃபிலிம் ஒட்டி மறைக்கலாமா என்று கேட்காதீர்கள். 2012-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது.

டிக்கியில் வைப்பதாக இருந்தால் கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஓட்டல் வாசலில் நிறுத்தி, எல்லோரும் பார்க்க லேப்டாப் பையை டிக்கிக்கு மாற்றிவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களை வாரம் ஒரு தடவையாவது பார்க்கிறேன். ஓடிப்போய்ச் சொல்லத் தோன்றும். இரண்டு தடவை சொல்லியும் இருக்கிறேன்.

பகலில் கேமரா கைகொடுத்த கதையும் ஒன்று உண்டு. வங்கியில் அப்பாவின் பென்ஷன் பணம் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, பைக்கில் வந்த ஒருவன் கண்ணாடியைத் தட்டி, "மேடம், ஆயில் ஒழுகுது" என்று கீழே காட்டினான். கவனத்தைத் திருப்பித் திருடும் கும்பல் செய்வது இதுதான், பத்து ரூபாய் நோட்டைக் கீழே போட்டு "உங்க பணமா?" என்பார்கள், டயர் பஞ்சர் என்பார்கள். நாம் இறங்கினால் மறுபக்கக் கதவு திறக்கும். நான் இறங்கவில்லை, பூட்டைத் திறக்கவில்லை, மேலே கேமராவைக் கையால் காட்டினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். எஞ்சின் ஓடும்போது டேஷ்கேம் நிச்சயமாகத் துணை.

புகார் விஷயம். சின்னத் திருட்டுதானே என்று விட்டுவிடாதீர்கள். முதலில் புகார் வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், எதிர் வீட்டுப் பதிவைக் கொடுத்ததும் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். திருட்டு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 303-வது பிரிவு. கேமராப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க, புதுச் சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றும் வேண்டும். எதிர் வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருக்கு நான் என்றும் கடன்பட்டவள்.

இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்கமாட்டார்கள். ஆனால் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். க்ளெய்ம் செய்தால் நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும். எனக்குக் கண்ணாடியும் கூலியும் 2,800 ரூபாய். மூன்று வருடம் சேர்த்த 35 சதவீதத் தள்ளுபடியை அதற்காக இழக்க மனம் வரவில்லை, கைக்காசைக் கொடுத்தேன். உள்ளே இருந்த பை, போன், லேப்டாப் எதற்கும் கார் பாலிசி பொறுப்பல்ல. தனியாக மாட்டிய டேஷ்கேமும் பாலிசியில் எழுதினால்தான் உண்டு. அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம், 7,000 ரூபாய்க் கேமராவுக்கு 280. காரே போய்விட்டால் இரண்டு சாவியையும் கேட்பார்கள், ஸ்பேர் சாவியைப் பத்திரமாக வீட்டில் வையுங்கள்.

கண்ணாடி மாற்றும்போது கதவின் உள்பலகையைக் கழற்றி, கீழே தங்கிய சில்லுகளை வேக்குவம் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். என் மெக்கானிக் ஒரு டம்ளர் நிறைய எடுத்தார். அவ்வளவுக்குப் பிறகும் இரண்டு மாதம் கழித்து சீட் பெல்ட் கொக்கியில் ஒரு சில்லு இருந்தது.

பதினொரு நாள் கழித்து ஒரு போன். பழவந்தாங்கல் ஸ்டேஷன் பக்கம் காலி மனையில் குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளர் அம்மா பையை எடுத்து வைத்திருந்தார். உள்ளே இருந்த டாக்டர் சீட்டில் என் நம்பர். பவர் பேங்க் இல்லை. கோப்பு மழையில் ஊறியிருந்தது, எக்கோ ரிப்போர்ட் ஒன்றில் மை கலைந்து வெறும் நீலம். கொடுத்த பணத்தை அந்த அம்மா வாங்க மறுத்தார், "ஆஸ்பத்திரி காயிதம்னு தெரிஞ்சுது, எப்படிம்மா போடறது?" என்றார். தாள்களை ஹாலில் ஃபேனுக்கு அடியில் பரப்பிக் காயவைத்து, காய்ந்ததை எல்லாம் போனில் படம் பிடித்து வைத்தேன்.

இப்போது டாக்டரிடம் போய்த் திரும்பினால், கார் நின்றதும் அப்பா முதலில் கோப்பை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறார். அப்புறம்தான் கதவைத் திறக்கச் சொல்கிறார்.